கராஜில் தள்ளி வைக்கக்கூடிய வேலைமேசை: சக்கரம் எங்கே, எப்படி?

கேள்வி: டர்பனில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு கார் நிற்கும் கராஜ்தான் என் பட்டறையும். சக்கரம் வைத்த எளிய வேலைமேசையை நானே செய்ய முடியுமா? நாலு காலிலும் பிரேக் சக்கரம் மாட்டினால் போதுமா?

முடியும். ஒரு பிளைவுட் ஷீட், ஆறு பைன் கட்டை, இரண்டு சக்கரம், கொஞ்சம் போல்ட் இருந்தால் போதும். பிரேக் சக்கரம் போதுமா என்பதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரில் போடுவது, ஸ்க்ரூ முடுக்குவது, பொருத்திப் பார்ப்பது, பெயின்ட் அடிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் தாராளமாகப் போதும். இழைப்புளி தள்ளுவீர்கள், கைரம்பம் போடுவீர்கள், உளி வைத்துத் தட்டுவீர்கள் என்றால் போதாது.

காரணம் இதுதான். இழைப்புளி மேசையைக் கீழே அழுத்துவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் தள்ளுகிறது. மலிவான காஸ்டரில் (தட்டோடு வரும் சுழல் சக்கரம்) பிரேக் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். மேலே சுழலும் தட்டைப் பிடிக்காது. அந்தத் தட்டில் இருக்கும் ஆட்டம் நாலு சக்கரத்திலும் சேர்ந்துகொள்ளும்போது, மேசை ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு அசைவு அசையும். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் காஸ்டர்கள் இருக்கின்றன, அவை பரவாயில்லை. ஆனாலும் ரப்பர்மேல் நிற்கும் மேசை ரப்பர்மேல் நிற்கும் மேசைதான். 2022, 2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கைக்கருவிதான் கதி. அப்போது இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

எங்கள் தெருவில் ஓர் அங்கிள் இருக்கிறார். தைப்பூசம் நெருங்கினால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் காவடிச் சட்டம் செய்து கொடுப்பவர். அவர் சொல்வது: “வீல் போட்டா அது டேபிள் இல்லை தம்பி, ட்ராலி.” பாதி சரி. தேர் ஓட்டத்தில் வடம் பிடிக்க நூறு பேர் கிடைப்பார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்தான் முக்கியம். மேசைக்கும் அதே கணக்கு. உருட்டுவதற்கு மட்டும் சக்கரம் தரையைத் தொட வேண்டும். வேலை செய்யும்போது கால்தான் தரையில் நிற்க வேண்டும்.

இதற்கு எளிய வழி தள்ளுவண்டி முறை. ஒரு முனையில் மட்டும் திரும்பாத சக்கரம் இரண்டு, மறுமுனையில் கைப்பிடி. மேசை நிற்கும்போது சக்கரம் தரையிலிருந்து ஒரு நூல் அளவு உயர்ந்து நிற்கும். கைப்பிடியைத் தூக்கினால் சக்கரம் தரையைத் தொட்டு, அந்தப் பக்கக் கால்கள் எழும்பிவிடும். இழுத்துக்கொண்டு போகலாம். காரை வெளியே எடுத்ததும் சுவரோரத்திலிருந்து நேராக இழுப்பது, முடிந்ததும் நேராகத் தள்ளுவது, இவ்வளவுதான் உங்களுக்குத் தேவை. நாலா பக்கமும் சுழற்ற வேண்டிய அவசியம் ஒற்றைக் கராஜில் வராது.

அந்த ‘ஒரு நூல்’ எவ்வளவு என்பதில் அலட்சியம் வேண்டாம். காலின் வெளி விளிம்பிலிருந்து சக்கரத்தின் மையம் சுமார் 60 மி.மீ. தள்ளி இருக்கிறது, மேசை 1300 மி.மீ. நீளம் என்று வையுங்கள். சக்கரம் தரையிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் இருந்தால், மறுமுனையை ஆறேழு செ.மீ. தூக்கியதுமே அது தரையைத் தொடும். அதுவே 10 மி.மீ. உயரத்தில் இருந்தால் இருபது செ.மீ.க்கு மேல் தூக்க வேண்டும். மேலே வைத்த உளியெல்லாம் உருண்டு கீழே வந்துவிடும். அதனால் மேசை முழுவதும் தயாராகி, காலடியில் ரப்பர் ஒட்டிய பிறகு, கடைசியாகத்தான் சக்கரம் மாட்ட வேண்டும். 3 மி.மீ. பிளைவுட் துண்டை அடியில் வைத்துக்கொண்டு மாட்டினால் அளவு தானாக வந்துவிடும்.

இப்போது மரம். இங்கே கிடைக்கும் பைன் எல்லாம் தோட்ட மரம். மெக்சிகோ, அமெரிக்கத் தென்கிழக்குப் பக்கத்து இனங்களைக் கொண்டுவந்து ம்புமலாங்கா, குவாசூலு-நடால் மாகாணங்களில் வளர்க்கிறார்கள். வேகமாக வளர்ந்த மரம் என்பதால் முறுக்கிக்கொள்ளும். கடையில் அடுக்கின் மேலே இருப்பதை அப்படியே எடுத்து வராமல், ஒவ்வொரு கட்டையையும் ஒரு முனையில் கண் வைத்து நீளவாக்கில் பார்த்து எடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டர்பன் ஈரக்காற்றில் புதுக்கட்டை சட்டென்று காயாது. வீட்டுக்கு வந்ததும் இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு வாரம் விட்டுவிடுவது நல்லது.

பச்சை நிறம் ஏறிய கட்டையும் விற்பார்கள். அது செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மருந்து ஏற்றியது. நம் கடலோரத்தில் பூச்சி அதிகம் (இங்கே வீடு விற்கும்போது, மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்று சான்றிதழ் கேட்பதே வழக்கம்), அதனால் கூரைக்கு அது சரி. கைபடும் மேசைக்கு வேண்டாம். வேறு வழியில்லாமல் வாங்கினால் அறுக்கும்போது முகமூடி போடுங்கள். மிஞ்சிய துண்டைத் தப்பித்தவறியும் ப்ராய் அடுப்பில் (இறைச்சி சுடும் அடுப்பு) போடாதீர்கள். ஆர்செனிக் புகையிலும் சாம்பலிலும் வரும்.

வாங்க வேண்டியது: 38×114 மி.மீ. கட்டை 3 மீட்டர் நீளத்தில் மூன்று, 38×76 கட்டை 2.7 மீட்டரில் மூன்று, 18 மி.மீ. பிளைவுட் 2440×1220 ஒன்று. மேற்பலகை 1400×600, அடிச்சட்டம் 1300×500, உயரம் 870. இழைக்கப்பட்ட கட்டை சொன்ன அளவைவிட மெலிந்திருக்கலாம். கைக்கு வந்ததை அளந்துவிட்டு அறுங்கள்.

பிளைவுட்டைக் கடையிலேயே நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள், வண்டியிலும் ஏறும். ஒவ்வொரு பாதியிலும் 1400 வெட்டினால் இரண்டு அடுக்கு மேற்பலகை தயார். மிஞ்சும் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அவற்றிலிருந்து 650×500 அளவில் இரண்டு எடுத்தால் கீழ்த்தட்டு. அதற்கும் மேல் மிஞ்சும் முக்கால் முழத் துண்டுகளை இரு முனைக் கால்களுக்கும் குறுக்கே ஸ்க்ரூ போட்டு முடுக்கினால், மேசை பக்கவாட்டில் ஆடாது. ஒரு ஷீட்டில் வீணாவது மரத்தூள் மட்டும்தான், கிட்டத்தட்ட.

38×114 கட்டையில் 1300 நீளம் நான்கு, 424 நீளம் ஆறு அறுக்கவும். நீளமான இரண்டுக்கு நடுவே குட்டை மூன்று (இரு முனை, நடு ஒன்று) வைத்து, பசையும் ஸ்க்ரூவும் போட்டால் ஒரு சட்டம். இதேபோல் இரண்டு. கீழ்த்தட்டின் இரு துண்டும் சேரும் இடம் சரியாக நடுக்குறுக்கின்மேல் வரும். கால் ஒவ்வொன்றும் 38×76 துண்டு இரண்டைப் பசை போட்டு ஒட்டிய 76×76 கட்டை. நீளம் 834, மேற்பலகை இரண்டடுக்கு 36 சேர்ந்தால் 870. இந்த உயரம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பு வரும் உயரம் கைவேலைக்கு ஏற்றது. அதற்கேற்பக் காலைக் கூட்டிக் குறையுங்கள்.

சேர்ப்பதை எப்போதும் தலைகீழாகச் செய்யுங்கள். மேற்பலகையைத் தரையில் கவிழ்த்து, அதன்மேல் மேல்சட்டம், சட்டத்தின் உள்மூலைகளில் கால்கள். இப்படிச் செய்தால் தரை கோணலாக இருந்தாலும் கால்கள் பலகையோடு ஒட்டி உட்காரும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் பசை வேண்டாம். மூலைக்கு இரண்டு எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட், பெரிய வாஷரோடு. ஸ்க்ரூவை மட்டும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் சுமை இந்த மூலைகளில்தான் விழுகிறது.

கீழ்ச்சட்டத்தின் உயரத்தைச் சக்கரம்தான் தீர்மானிக்கிறது. தட்டோடு சக்கரத்தின் முழு உயரம் 125 என்றால், அதோடு இடைவெளி 3, சக்கரம் மாட்டும் கட்டை 38, ஆக 166 மி.மீ. உயரத்தில் சட்டத்தின் அடி வர வேண்டும். 1300 நீளங்களை அறுத்ததும் கிட்டத்தட்ட 39 செ.மீ. துண்டுகள் மிஞ்சும் அல்லவா, அதில் 20 செ.மீ. வீதம் இரண்டு வெட்டி, படுக்கைவாக்கில், உள்விளிம்பு காலைத் தொடும்படி சட்டத்தின் அடியில் கோச் ஸ்க்ரூ (ஸ்பானரால் முடுக்கும் தடித்த ஸ்க்ரூ) போட்டு முடுக்குங்கள். சக்கரம் அதன் அடியில். மேற்பலகையைச் சக்கரப் பக்கம் கொஞ்சம் அதிகமாக நீட்டி விட்டால் காலில் இடறாது. எதிர்முனையில் 38 மி.மீ. கட்டை ஒன்றை இரண்டு குட்டைத் துண்டுகள் வைத்து விலக்கி மாட்டினால் கைப்பிடி. கிளாம்ப் போடவும் உதவும்.

சக்கரம் 100 மி.மீ. விட்டத்துக்குக் குறைய வேண்டாம். 50 மி.மீ. சக்கரம் தரையில் கிடக்கும் ஒரு ஸ்க்ரூவில் மாட்டினாலே நின்றுவிடும். கான்கிரீட்டுக்கு ரப்பரோ பாலியூரித்தேனோ நல்லது. நைலான் கடகடவென்று தெருவையே எழுப்பும். நாலு சக்கரம் போடுபவர்கள் மொத்த எடையை நாலால் வகுக்காமல் மூன்றால் வகுத்துத் தாங்குதிறன் பார்த்து வாங்கவும். சமமில்லாத தரையில் ஒன்று எப்போதும் சும்மாதான் இருக்கும்.

தரை என்றதும் இன்னொன்று. நான் இருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த்தில். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்தின் கீழ் 1960-களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய பகுதி. கராஜெல்லாம் பெரும்பாலும் அவரவர் பிற்பாடு சேர்த்துக் கட்டியது. ஒரு வீட்டுத் தரை மாதிரி இன்னொன்று இருக்காது, கதவுப் பக்கம் சரிவு மட்டும் பொதுவாக இருக்கும், மழைத் தண்ணீர் வெளியேற. ரசமட்டம் வைத்துப் பார்த்து, பள்ளமான பக்கம் கைப்பிடிக் கால்கள் வரும்படி நிறுத்தி, அங்கே ஆப்பு வையுங்கள். சக்கரப் பக்கக் காலுக்கு ஆப்பு வைத்தால் சக்கரம் இன்னும் உயர்ந்து, பார்த்துப் பார்த்து வைத்த அந்த 3 மி.மீ. வீணாகும்.

எடை? வெறும் மேசை ஐம்பது, ஐம்பத்தைந்து கிலோ வரும். ஒரு முனையைத் தூக்கும்போது கையில் விழுவது அதில் பாதி. கீழ்த்தட்டில் கருவிகளைச் சேர்க்கச் சேர்க்க இது ஏறும். கனமான பெட்டிகளைச் சக்கரப் பக்கம் வைத்தால் கைக்கு அவ்வளவாகத் தெரியாது. வைஸையும் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) அந்த முனையில், காலுக்கு நேர்மேலே மாட்டுங்கள். முதுகுவலி இருப்பவர்களுக்கோ, பெரிய மெஷினை நிரந்தரமாக மேசையில் ஏற்றப் போகிறவர்களுக்கோ இந்த முறையைச் சொல்ல மாட்டேன். காலால் மிதித்தால் சக்கரம் இறங்கி மேசையைத் தூக்கும், மறுபடி நெம்பினால் கால்கள் தரையில் உட்காரும், அப்படி ஒரு வகைக் காஸ்டர் நாலு சேர்ந்த செட்டாக வருகிறது. விலை கூடுதல்தான், ஆனால் தத்துவம் அதேதான்.

மேற்பலகையின்மேல் மெல்லிய மேசோனைட் (ஹார்ட்போர்டு) பலகை ஒன்றைப் பசை இல்லாமல் ஸ்க்ரூவில் மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள்; கறையும் வெட்டும் அதோடு போகும், கெட்டால் கழற்றித் திருப்பிப் போடலாம். வார்னிஷ் தேவையில்லை. பளபளப்பான மேசையில் மரம் வழுக்கும்.

வாடகை வீடு என்றீர்கள். காலுக்குப் பசை வேண்டாம் என்று சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். மேற்பலகை ஸ்க்ரூவையும் முனைப் பலகைகளையும் கழற்றி, ஸ்பானர் எடுத்துப் போல்ட்டுகளை அவிழ்த்தால் இரண்டு சட்டம், நாலு கால், பலகைகள்; சின்ன பக்கியில் (பிக்கப் வண்டி) ஏறிவிடும். கராஜின் உள்ளளவையும், கதவு மேலே தூக்குவதா உருள்வதா என்பதையும் எழுதுங்கள். 1400 நீளம் உங்களுக்குச் சரிவருமா, குறைக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.