வீட்டுக்கும் ட்ரெயினுக்கும் ஒரே இயர்பட்ஸ் காணுமா?

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு ட்ரெயின்ல வேலைக்குப் போறனான். பின்னேரத்தில மரைன் ட்ரைவ்ல நடப்பன், இரவில படுத்துக்கொண்டு பாட்டுக் கேப்பன். எல்லாத்துக்கும் சேத்து 20,000 ரூபாக்குள்ள நொய்ஸ் கான்சலிங் உள்ள ஒரு இயர்பட்ஸ் எடுக்கட்டா? காது வேற சின்னன், எதைப் போட்டாலும் கழண்டு விழுது.

பதில்: தங்கச்சி, நீங்க கடைசியா சொன்னதைத்தான் முதல்ல பாக்கவேணும். காதுக்குள்ள போற ரப்பர் டிப் காதை வடிவா அடைச்சாத்தான் பேஸ், அதாவது தாழ்ந்த அடிச் சத்தம், வரும், கொஞ்சம் இடைவெளி விட்டாலும் எவ்வளவு விலையான சாமானும் தகரச் சத்தம்தான் போடும், நொய்ஸ் கான்சலிங்கும் ஒழுங்கா வேலை செய்யாது. பெட்டிக்குள்ள அனேகமா மூண்டு சைஸ் டிப் வரும், பூட்டி வாறது நடு சைஸ், கனபேர் அதை மாத்திறதே இல்ல. சின்னதைப் போட்டுட்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கோ, ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் வேணுமெண்டும் இல்ல. அப்பவும் நிக்காட்டி ஃபோம் டிப் வாங்கலாம்.

நொய்ஸ் கான்சலிங் ட்ரெயின் இரைச்சல், ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீரா வாற தாழ்ந்த சத்தத்துக்குத்தான் நல்லம். ஹோர்னுக்கும் பக்கத்தில இருந்து கதைக்கிற ஆக்களுக்கும் பெரிசா உதவாது, கதவடியில நிண்டா காத்து பட்ஸில இருக்கிற மைக்கில அடிச்சு அதுவே ஒரு இரைச்சலாகும். எண்டாலும் உங்களுக்கு வேணும்தான், இல்லாட்டி ட்ரெயின் சத்தத்தை மேவ வொல்யூமைக் கூட்டிக்கொண்டே போவீங்க. உலக சுகாதார அமைப்பின்ர கணக்குப்படி 80 டெசிபல்ல கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம், 90 எண்டா 4 மணித்தியாலம்தான்.

மரைன் ட்ரைவ்ல வேர்வையும் உப்புக் காத்தும். பெட்டியில ஐபிஎக்ஸ்4 எண்ட தண்ணி தாங்கிற தரம் இருந்தா வேர்வையும் தூறலும் தாங்கும், ஆனா அது அனேகமா பட்ஸுக்கு மட்டும்தான், அதைச் சார்ஜ் போடுற கேஸுக்கு இல்ல, அதால ஈரத்தோட கேஸுக்குள்ள போடாதீங்கோ, துடைச்சுப் போடுங்கோ. பீச்சுக்குப் போக தண்டவாளத்தைக் கடக்கிறதெண்டா ரெண்டையும் கழட்டுங்கோ, வெளிச் சத்தத்தை உள்ள விடுற மோட் இருக்கெண்டு நம்பாதீங்கோ.

என்னைக் கேட்டா முழுக் காசையும் ஒண்டில போடமாட்டன். கால்வாசிக்கு வீட்டுக்கு ஒரு வயர் உள்ள இயர்போன், மிச்சத்துக்கு இயர்பட்ஸ். சரிஞ்சு படுக்க பட்ஸ் காதைக் குத்தும், அதோட அந்தக் குட்டி பேட்டரி ரெண்டு மூண்டு வருசத்தில இறங்கத் தொடங்கும், மாத்திறதும் லேசில்ல, வயருக்கு அந்தக் கரைச்சலே இல்ல. போன்ல இயர்போன் குத்திற ரவுண்ட் ஜாக் இல்லாம டைப்-சி மட்டும் இருந்தா டைப்-சி வயர் உள்ளதா எடுங்கோ. ஐபோன் எண்டா இயர்பட்ஸில எல்டாக் (புளூடூத்தில கூடின தரத்தில பாட்டு அனுப்புற முறை) இருக்கெண்டு கூடக் காசு குடுக்காதீங்கோ, ஐபோன்ல அது வேலை செய்யாது.

யூனிட்டி பிளாசாவோ லிபர்ட்டி பிளாசாவோ புறக்கோட்டையோ, எங்க எடுத்தாலும் வொரண்டி கடையின்ரயா ஏஜென்ட்டின்ரயா எண்டு கேட்டு மொடல் பேரோட பில் எடுங்கோ. கடை ஏமாத்தினா நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட இலக்கத்துக்கு கோல் அடிக்கலாம், அதுக்கும் பில் வேணும். பில்லை அண்டைக்கே போட்டோ எடுத்து வையுங்கோ, அந்தத் தாள்ல எழுத்து கொஞ்ச மாசத்தில அழிஞ்சுபோகும்.