பேண்டில் இருந்துகொண்டே தனி ஆல்பம் போடலாமா?

கேள்வி: நான் ஒரு பேண்டின் பாடகன். ஒன்பது வருடமாக அதே நான்கு பேர். பாட்டு எழுதுவது பெரும்பாலும் நானும் எங்கள் கிட்டாரிஸ்டும்தான். இப்போது என்னிடம் பத்துப் பாட்டு இருக்கிறது. பியானோவும் குரலும் மட்டும் போதும் என்கிற மாதிரிப் பாட்டுகள், எங்கள் பேண்டின் சத்தத்துக்கு ஒட்டாது. தனி ஆல்பமாகப் போட ஆசை. பேண்டை விட்டுப் போகிற எண்ணம் இல்லை, ஆனால் சொன்னால் எல்லாம் உடைந்துவிடுமோ என்று பயம். ரெக்கார்டிங்கை முடித்துவிட்டு, வெளியிடும் நேரத்தில் சொன்னால் போதாதா? (இரண்டு பாட்டு மட்டும் ஒத்திகையில் எல்லோருமாக வாசித்துப் பார்த்துவிட்டுக் கிடப்பில் போட்டவை.)
– பெயர் வேண்டாம்

பதில்: போதாது. ஆல்பம் போடலாமா என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் மற்ற மூன்று பேரும் போஸ்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலைமை மட்டும் வரக் கூடாது. அப்புறம், கடிதத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டு நைசாக நகர்த்தியிருக்கிறீர்களே இரண்டு பாட்டு, உங்கள் பயத்தைவிட அதுதான் எனக்கு உறுத்தியது. அதற்கு வருகிறேன்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கில ராக் பேண்டு 1983-ல் புது ரெக்கார்டு ஒப்பந்தம் போட்டபோது, பாடகர் மிக் ஜாகர் தன் தனி ஆல்பங்களுக்கும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டார், எங்களுக்குப் பிறகுதான் தெரியும் என்று கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் 2010-ல் வந்த தன் சுயசரிதையில் பொருமித் தள்ளியிருக்கிறார். 1985-ல் ஜாகரின் முதல் தனி ஆல்பம் வந்தது. அந்த பேண்டு 1982-க்குப் பிறகு 1989 வரை ஒரு டூர்கூடப் போகவில்லை. ஜாகர் தனியாகப் பாடியதால்தான் அவ்வளவு கோபம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் 1988-ல் ரிச்சர்ட்ஸே தனி ஆல்பம் போட்டார்! தன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் அந்த மனிதருக்கு இத்தனை வருடம் கழித்தும் ஆறவில்லை.

ஜெனிசிஸ் பேண்டில் நடந்தது நேர் எதிர், தனி ஆல்பங்கள் வந்தும் பேண்டு உடையவில்லை. பாடகர் பில் காலின்ஸைத் தவிர மற்ற இரண்டு பேரும், டோனி பேங்க்ஸ் 1979-லும் மைக் ரதர்ஃபோர்ட் 1980-லும், தங்கள் தனி ஆல்பங்களை வெளியிட்டார்கள். காலின்ஸ் வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்த டெமோக்களில், அதாவது மாதிரிப் பதிவுகளில், இரண்டு 1980-ல் வந்த ஜெனிசிஸ் ஆல்பத்துக்கே போயின. அந்த டெமோக் குவியலிலிருந்துதான் 1981 பிப்ரவரியில் அவருடைய முதல் தனி ஆல்பம் பிறந்தது, அது பெரிய வெற்றி. அதே வருடம் செப்டம்பரில் பேண்டின் அடுத்த ஆல்பமும் வந்துவிட்டது. அவர் பேண்டை விட்டு விலகியது 1996-ல்தான்.

ஆகவே ஸ்டூடியோவில் தேதி வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதலில் கிட்டாரிஸ்டிடம், நேரில், போனில் வேண்டாம். அன்றைக்கே மற்ற இருவரிடமும். சொல்லும்போது "பேண்டு பிரியாது, கவலைப்படாதே" என்று வெறும் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை உங்களுக்கு இந்த வேலை, எப்போது மறுபடி ஒத்திகை, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஷோக்கள் என்ன ஆகும் என்று தேதியோடு சொல்லுங்கள். இன்னொன்று, "இது ரொம்ப என் சொந்த மனசிலிருந்து வந்த பாட்டு, பேண்டுக்கு வேண்டாம்" என்கிற வசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்படியானால் ஒன்பது வருடமாக எங்களோடு பாடியதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? டெமோவைப் போட்டுக் காட்டுங்கள், அவ்வளவுதான். அதில் ஒன்று பேண்டுக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கொடுக்கத் தயாராகவும் போங்கள்.

சரி, அந்த இரண்டு பாட்டு. கிடப்பில் போட்டதாலேயே ஒரு பாட்டு உங்களுடையது ஆகிவிடாது. மெட்டிலோ வரியிலோ கிட்டாரிஸ்டின் கை இருந்தால் அவரும் அந்தப் பாட்டை இயற்றியவர்தான். நீங்கள் புதிதாகப் பியானோவில் வாசித்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவின் உரிமை உங்களுக்கு வரலாம், பாட்டின் உரிமை அப்போதும் இரண்டு பேருக்கும்தான். இரண்டும் வேறு வேறு என்பது பலருக்கு ராயல்டி கணக்கு வரும்போதுதான் உறைக்கிறது. அந்தப் பாட்டுகளுக்குப் பெயரும் பங்கும் இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். எட்டுப் பாட்டிலும் நல்ல ஆல்பம் வரும், சொல்லப்போனால் பத்தைவிடக் கச்சிதமாகவே வரும். பேண்டுக்கு ஏதாவது லேபிளோடு, அதாவது ரெக்கார்டு கம்பெனியோடு, ஒப்பந்தம் இருந்தால் அதையும் எடுத்துப் படியுங்கள். பல ஒப்பந்தங்கள் பேண்டை மட்டுமல்ல, ஒவ்வொருவரையும் தனித்தனியாகவும் கட்டிப்போடும், நீங்கள் தனியாகப் பாடவே அவர்கள் அனுமதி தேவைப்படலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. பேண்டின் பொதுப் பணத்திலிருந்து ஒரு பைசா எடுக்காதீர்கள், கடனாகக்கூட.

"விட்டுப் போகிற எண்ணம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதானா என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தி போலீஸ் பேண்டின் பாடகர் ஸ்டிங் 1985-ல் ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு முதல் தனி ஆல்பம் போட்டார். 1983-க்குப் பிறகு அந்த பேண்டிலிருந்து ஒரு புது ஆல்பம்கூட வரவில்லை. 2007-ல் ஒன்றுகூடி டூர் போனார்கள், அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. உங்களுக்கும் மனசு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள், மூன்று பேரையும் வருடக்கணக்கில் காத்திருக்க வைக்காதீர்கள்.

விற்பனையைப் பற்றிக் கனவு காணாமல் இருப்பது நல்லது. குயின் பேண்டின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் குரலுக்கே 1985-ல் வந்த முதல் தனி ஆல்பம் குயின் ஆல்பங்கள் அளவுக்கு ஓடவில்லை. அதே வருடம் ஜூலையில், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரியின் மேடையில் அவர் குயினோடுதான் நின்றார், இன்றுவரை ஜனங்கள் பேசுவது அதைத்தான்.

கடைசியாக மேடை. தனி ஷோவில் யாராவது பேண்டின் ஹிட் பாட்டைப் பாடச் சொல்லிக் கத்துவார்கள், கட்டாயம் கத்துவார்கள். முதல் சில ஷோக்களிலாவது பாடாதீர்கள். அப்புறம் பாடுவதாக இருந்தாலும், எந்தெந்தப் பாட்டு என்று அந்த மூன்று பேரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.