வாசகர் கேள்வி: குட்டிப் பீப்பாயில் விஸ்கி

கேள்வி: பரிசாக 2 லிட்டர் ஓக் பீப்பாய் ஒன்று வந்திருக்கிறது. சாதாரண விஸ்கியை அதில் ஊற்றி மூன்று வருடம் வைத்தால் உயர்தர விஸ்கி ஆகிவிடுமா?

பதில்: மூன்று வருடமா? ஐயோ, வேண்டாம். கணிசமான பகுதி காற்றோடு போயிருக்கும், மிச்சம் வாயில் வைக்க முடியாதபடி துவர்க்கும். மூன்று ஆண்டு என்பது ஸ்காட்ச் விஸ்கிக்கான சட்டம். அங்கே பயன்படுபவை பெரும்பாலும் 200 முதல் 500 லிட்டர் வரை பிடிக்கிற பீப்பாய்கள். உங்களுடைய பீப்பாயில், 200 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ நாலரை மடங்கு மரப்பரப்பு கிடைக்கிறது. நிறமும் வனிலா வாசமும் சில வாரங்களிலேயே இறங்கிவிடும், பின்னாலேயே மரத்தின் துவர்ப்பும் வரும். டீத்தூளை எடுக்காமல் விட்ட டீ மாதிரிதான்.

கேள்வி: அப்படியானால் சில வாரங்களிலேயே பழைய விஸ்கி கிடைத்துவிடும், நல்லதுதானே?

பதில்: இல்லை. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உட்புறம் கருக்கிய ஓக், வாசனையைச் சீக்கிரம் கொடுக்கும். ஆனால் மரத்தின் வழியே மெல்லப் புகும் காற்று சாராயத்தின் முரட்டுத்தனத்தைத் தணிக்க வருடக்கணக்கில் ஆகும். அதைக் குட்டிப் பீப்பாயால் அவசரப்படுத்த முடியாது. என்னைக் கேட்டால், ஓரளவு நல்ல விஸ்கிக்குக் கொஞ்சம் மரச்சுவை ஏற்றும் கருவியாக மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். மட்டமான சரக்கு உள்ளே போனால், மர வாசம் அடிக்கும் மட்டமான சரக்குதான் வெளியே வரும்!

முதலில் பீப்பாயை வெந்நீரால் நிரப்பி இரண்டு மூன்று நாள் விடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பலகை இடுக்குகளில் முத்து முத்தாக நீர் அரும்பும். மரம் உப்ப உப்ப அது தானாக நிற்கும். குழாய் செருகிய இடம்தான் கடைசி வரை படுத்தும், அடியில் ஒரு தட்டு வையுங்கள். கசிவு நின்றதும் தண்ணீரை வடித்துவிட்டு விஸ்கியை ஊற்றலாம். போதைச் சத்து (ஆல்கஹால்) 40 சதவீதம் உள்ள விஸ்கியைவிட, தண்ணீர் கலக்காத 55, 60 சதவீத விஸ்கி வசதி. ஈரப்பதம் அதிகமுள்ள அறையில் போதைச் சத்து குறைந்துகொண்டே வரும், வறண்ட அறையில் தண்ணீர்தான் அதிகம் ஆவியாகும்.

அப்புறம், வாரம் ஒரு தரம் ஒரு ஸ்பூன் எடுத்துச் சுவையுங்கள். அதே விஸ்கியில் கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி, மாற்றம் பளிச்சென்று தெரியும். நாக்கின் ஓரம் லேசாக இழுக்கிறது என்றால் போதும், அன்றைக்கே பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் போய்விட்டால் மரத்தின் வேலை முடிந்தது. "இன்னும் ஒரு வாரம் பார்ப்போமே" என்ற ஆசைதான் பல பீப்பாய்களைக் கெடுக்கிறது.

கேள்வி: முதல் தடவை முடிந்ததும் பீப்பாயை என்ன செய்வது?

பதில்: காலியாகப் போட்டுவைக்காதீர்கள். மரம் காய்ந்து சுருங்கும், பூஞ்சையும் பிடிக்கலாம். உடனே அடுத்ததை நிரப்புங்கள். இரண்டாம் தடவை மரம் கொஞ்சம் சாதுவாகியிருக்கும், அதனால் கூடுதல் நாள் விடலாம். சிலர் முதலில் ஷெர்ரி ஒயினை ஊற்றி வைத்து, பிறகே விஸ்கிக்கு வருவார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும். புது மரத்தின் வேகமும் அடங்கும், உலர்திராட்சை வாசமும் சேரும்.

இன்னொன்று: வீட்டிலேயே சாராயம் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றலாமா என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் காய்ச்சுவது குற்றம், தீ விபத்து அபாயமும் உண்டு. கடையில் வாங்கியதையே ஊற்றுங்கள்.