கிளினிக்கை விட்டுப் பிறைவேற்றுக்குப் போகலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. சீனி வருத்தமும் பிறசரும் இருக்கு. மாதாமாதம் அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போறா. இப்ப சில குளிசைகளை வெளியில வாங்கச் சொல்லித் துண்டு தருகினம். கால் எரிவுக்கு யாழ்ப்பாணத்தில காசு கட்டி ஒரு டொக்டரைச் சனல் பண்ணினோம். அந்த டொக்டர் புதுக் குளிசையும் புது இரத்தப் பரிசோதனையும் எழுதினார். செலவு தாங்கேலாது. பேசாமல் ஒரே இடமாகப் பிறைவேற்றுக்கே போவமா?

பதில்: கிளினிக்கை விடாதீர்கள். அங்கே வைத்தியருக்குக் காசு கட்டத் தேவையில்லை என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் அம்மாவின் கிளினிக் கொப்பி. எந்தக் குளிசையை எப்போது கூட்டினார்கள், எதை ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அது இல்லாமல் போனால் புது வைத்தியர் அ, ஆவிலிருந்து தொடங்குவார், செலவு உங்களுடையது. சனல் பண்ணுவது பிழையில்லை, கொப்பியைக் கொண்டுபோகாமல் சனல் பண்ணுவதுதான் பிழை.

நாட்டில் பாவிக்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் போனபோது ஏறிய விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. விலை உங்கள் கையில் இல்லை, எதை எத்தனை வாங்குவது என்பது இருக்கிறது.

இன்றிரவே வீட்டிலுள்ள குளிசைகள் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். ஆங்கிலம் வாசிக்கிற பிள்ளை ஒன்றையும் பக்கத்தில் இருத்துங்கள். குளிசை அட்டையில் பெரிதாக இருப்பது கொம்பனி வைத்த பெயர், சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர்: சீனிக்கு மெட்ஃபோர்மின், பிறசருக்கு லோசாட்டன், அம்லோடிப்பின். ஆஸ்பத்திரிக் கடதாசிப் பையில் எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பெயர். பையும் அட்டையும் வேறு வேறாகத் தெரிவதால் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கூடுதல் கவனம் வேண்டியது, இரண்டு மருந்து சேர்ந்த ஒற்றைக் குளிசையில். கிளினிக்கில் லோசாட்டன் 50 மில்லிகிராம் தருகிறார்கள், வெளியில் எழுதிய குளிசைக்குள்ளும் லோசாட்டனோடு இன்னொரு பிறசர் மருந்து இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் போட்டால் லோசாட்டன் இரட்டிப்பாகும். காலையில் எழும்பும்போது தலை சுற்றலாம், விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் உடனே கிளினிக்கில் காட்டுங்கள். நீங்களாக ஒன்றை நிறுத்த வேண்டாம்.

வெளித்துண்டு தந்தால் அப்படியே பாமசிக்கு ஓடாதீர்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் இல்லை என்றதும் அதே நாளில் வைத்தியரிடம் திரும்பிப் போய், கையிருப்பில் உள்ள வேறொன்றுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பல தடவை மாற்றலாம், மாற்ற முடியாததும் உண்டு. பாமசியில், அதே மருந்து, அதே மில்லிகிராம், விலை குறைந்த கொம்பனியில் இருக்கிறதா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்கு வேறு அலுவலாகப் போனால் அரச மருந்துக் கடையான ஒசுசலவிலும் விலை கேட்டு வையுங்கள். அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் எண்ணி வாங்கினால் போதும், அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலேயே வந்திருக்கலாம். மிச்சம் பிடிக்கவென்று அரைக் குளிசை போடுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது வேண்டாம். மெல்லக் கரையும் மெட்ஃபோர்மினை நசுக்கவும் கூடாது.

பரிசோதனைச் செலவுக்கு வருவோம். எச்பிஏ1சி என்பது கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரி. ஆகவே மூன்று மாதத்துக்குள் திரும்பச் செய்வதில் பெரும்பாலும் பலன் இல்லை, அதற்கு வெறுவயிறும் தேவையில்லை. கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் புரதம், கண், பாதம் ஆகியவை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். வெறுவயிற்றுச் சீனிக்கு 8 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். அன்று காலை சீனிக் குளிசையை வீட்டில் போடாமல், சாப்பாட்டோடு பையில் கொண்டுபோய், இரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். வெறுவயிற்றில் போட்டுவிட்டு வரிசையில் நின்றால், சில குளிசைகளுக்குச் சீனி இறங்கி வியர்த்து மயங்கும்.

பஸ்ஸால் இறங்கி வேகமாக நடந்து வந்த கையோடு பிறசர் பார்த்தால் அது கூடத்தான் காட்டும், பிறகு குளிசையும் கூடும். ஐந்து நிமிடம் சாய்ந்து, காலைத் தரையில் ஊன்றி இருந்துவிட்டுப் பாருங்கள். அதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே தேநீரையும் வெற்றிலையையும் நிறுத்திவிட வேண்டும்.

கால் எரிவு சீனியால் நரம்பு பழுதாகி வந்திருக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் மெட்ஃபோர்மின் எடுப்பவர்களுக்கு வைற்றமின் பி12 குறைந்தும் அதே எரிவு வரும். விலை கூடிய நரம்புக் குளிசையை மாதக்கணக்கில் வாங்குவதற்கு முன், பி12 குறைவாக இருக்குமா என்று கிளினிக்கில் கேளுங்கள். குறைவென்றால் வைத்தியம் பெரிய செலவில்லை.

எரிவுக்கும் உளைவுக்கும் கடையில் டைக்லோபெனாக் வாங்கிப் போடுகிறாவா என்றும் பாருங்கள். லோசாட்டனோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. உங்கள் பக்கத்து வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே இருக்கிறது, வயலில் வெயிலுக்குள் வேர்த்து நிற்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். நோவுக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகாமல்.

தூரம்தான் கஷ்டம் என்றால், சீனியும் பிறசரும் கட்டுக்குள் வந்த பிறகு பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றித் தரும்படி கடிதம் கேளுங்கள்.

நெஞ்சு நோ, ஒரு பக்கம் இழுத்தல், வாய் கோணுதல், கதை குழறுதல் என்றால் வாகனம் பிடிக்கக் காசு தேட வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வந்து சேரும்வரை சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல், கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் எடுத்து வாசலில் வையுங்கள்.