சட்டியில் மிஞ்சிய எண்ணெய் டீசலாகுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏத்தங்காய் சிப்ஸ் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாதம் 20 லிட்டர் தேங்காய் எண்ணெய் மிஞ்சுகிறது. அதை வீட்டிலேயே பயோடீசல் ஆக்க முடியுமா? முழு முறையும் சொல்லுங்கள்.
– வாசகி, தக்கலை

ஆக்கலாம். ஆனால் எண்ணெய்க்கு முன்னால் மெத்தனாலைப் பற்றிப் பேசியாக வேண்டும். எண்ணெயோடு வினைபுரிந்து அதை டீசலாக மாற்றும் இந்த நச்சுச் சாராயம் இல்லாமல் வேலை நடக்காது. தமிழ்நாட்டில் மெத்தனால் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்றுத்தான் வாங்கவும் வைத்திருக்கவும் முடியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். 10 மிலி வயிற்றுக்குள் போனாலே கண் பறிபோகலாம். ஆகவே நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் ஆயத்தீர்வைப் பிரிவில் விசாரித்து உரிமம் வாங்கிய பிறகு தொடங்குங்கள். அல்லது உரிமம் உள்ள கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் அவர்கள் மேற்பார்வையில் செய்து பாருங்கள். யாரிடமாவது கேனில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

இனி முறை. முதலில் 1 லிட்டரில் செய்து பழகுங்கள்.

சிப்ஸ் எண்ணெய்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே விடுகிறோம். அந்த ஈரமும் உப்பும் பொடியும் அடியில் தங்கும். காடாத் துணியில் வடிகட்டி, கேனை வெயிலில் 2 நாள் அசையாமல் வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும், உறைந்த எண்ணெயில் தண்ணீர் அடிக்கு இறங்காது. அதனால்தான் வெயில். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள், அடியில் இரண்டு விரல் உயரம் அப்படியே கிடக்கட்டும். எடுத்ததை அரைப் பாத்திரம் அளவே ஊற்றி, 110 டிகிரி வரை சூடாக்கி, சலசலப்பு அடங்கும்வரை வையுங்கள். காய்ந்த கரண்டியில் நாலு சொட்டு விட்டுச் சூடு காட்டினால் வெடிக்கக் கூடாது. வெடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் இருந்தால் கிடைப்பது டீசல் அல்ல, சோப்பு.

அடுத்தது டைட்ரேஷன், அதாவது எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளப்பது. பலரும் தாண்டிப் போவது இதைத்தான், பெரும்பாலும் வேலை கெடுவதும் இதனால்தான். எத்தனை முறை பொரித்தோம் என்பதைப் பொறுத்து எண்ணெயில் அமிலம் கூடும், வினையைத் தூண்ட நாம் போடும் காரத்தை அது தின்றுவிடும். 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, இதுதான் அந்தக் காரம்) கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 10 மிலி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் 2 சொட்டு விட்டு, இந்தக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து லேசான இளஞ்சிவப்புக்குக் கொண்டுவாருங்கள். பிறகு அதில் 1 மிலி எண்ணெய் விட்டால் நிறம் மறையும். மறுபடி சிரிஞ்சில் கரைசலை விட்டு, நிறம் 20 விநாடி நிற்கும்வரை எத்தனை மிலி செலவாகிறது என்று குறியுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். மஞ்சள் காரத்தில் சிவக்கும் என்பது குங்குமம் செய்பவர்களுக்குத் தெரியும். ஆகவே மஞ்சள் ஏறிய சிப்ஸ் எண்ணெயில் கண்ணை மட்டும் நம்பாமல் அமில, கார அளவைக் காட்டும் பிஎச் மீட்டர் வைத்து 8.5 வரும்போது நிறுத்துவது நல்லது.

கணக்கு எளிது. 90 சதவீதத் தூய்மையுள்ள காஸ்டிக் பொட்டாஷ் என்றால் லிட்டருக்கு அடிப்படை அளவு 5.5 கிராம். டைட்ரேஷனில் 3 மிலி செலவானால் 5.5 + 3 = 8.5 கிராம். 7 மிலிக்கு மேல் போகும் எண்ணெயை ஒதுக்கிவிடுங்கள், பாதி சோப்பாகவே போய்விடும்.

மெத்தனால் பாமாயிலுக்கு லிட்டருக்கு 200 மிலி போதும். தேங்காய் எண்ணெய்க்கு 250 மிலி வேண்டும். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு சிறியது, ஒரு லிட்டரில் எண்ணிக்கை அதிகம், ஒவ்வொன்றுக்கும் மெத்தனால் வேண்டும் அல்லவா? பாமாயிலின் அளவை அப்படியே எடுத்துச் செய்தால் தேங்காய் எண்ணெய் அரைகுறையாகவே மாறும்.

மெத்தனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன் அடுப்பை அணைத்து அப்புறப்படுத்துங்கள். இதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கண்ணாடியும், பியூட்டைல் ரப்பர் கையுறையும் கட்டாயம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். கரைசல் தெறித்தால் 15 நிமிடம் கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈரமில்லாத ஹெச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) பாட்டிலில் மெத்தனாலை ஊற்றி, காஸ்டிக் பொட்டாஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். பாட்டில் தானாகவே சுடும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். எவர்சில்வர் சரி.

எண்ணெய் 55 டிகிரிக்கு ஆறியதும் இந்தக் கரைசலை ஊற்றி, மூடிய பாத்திரத்தில், வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்து 1 மணி நேரம் கலக்குங்கள். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும் என்பதால் சூட்டை ஏற்றாதீர்கள். மிக்ஸி வேண்டாம், அதன் மோட்டார் பொறி போதும் தீப்பிடிக்க. ஓர் இரவு விட்டால் கருப்பட்டிப் பாகு போலக் கிளிசரின் அடியில் இறங்கியிருக்கும், மேலே வெளிறிய திரவம் நிற்கும். அதுதான் உங்கள் எரிபொருள்.

கிளிசரினை வடித்துவிட்டு, மேலே நிற்பதில் 3 மிலி எடுத்து 27 மிலி மெத்தனாலில் விடுங்கள். முழுதும் கரைந்து தெளிவாக நின்றால் வினை முடிந்தது. அடியில் எண்ணெய்த் துளி நின்றால் மாறாத எண்ணெய் மிச்சம். லிட்டருக்கு 50 மிலி மெத்தனாலில் 1.5 கிராம் காஸ்டிக் பொட்டாஷைக் கரைத்துச் சேர்த்து, இன்னொரு முறை சூடாக்கிக் கலக்க வேண்டும்.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று கழுவல். கடைசித் தண்ணீர் தெளிவாக வர வேண்டும். கழுவிய எரிபொருளை 100 டிகிரியில் 15 நிமிடம் வைத்து ஈரத்தை விரட்டுங்கள். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர்க் காற்றில் அது தானாகக் காயாது. கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அதற்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து துலக்கமாகத் தெரிய வேண்டும். 1 லிட்டருக்கு ஏறக்குறைய 900 மிலி கிடைக்கும். கழுவிய தண்ணீர் சோப்பும் காரமும் மெத்தனாலும் கலந்தது, கிணற்றடியிலோ குளத்து ஓடையிலோ விட்டுவிடாதீர்கள். கிளிசரினிலும் மெத்தனால் இருக்கிறது, அதைக் கைச்சோப்பாக்கும் ஆசை வேண்டாம்.

கேள்வி: ஆய்வகத்தில் செய்தோம். கழுவத் தொடங்கியதும் மொத்தமும் தயிர் போலக் கட்டிவிட்டது. ஏன்?
– மாணவர், இரணியல்

முதல் கழுவலிலேயே குலுக்கியிருப்பீர்கள். உள்ளே சோப்பு இருக்கும்போது குலுக்கினால் தண்ணீரும் எரிபொருளும் ஒன்றுக்குள் ஒன்று பிணைந்துகொள்ளும். முதல் கழுவலில் தண்ணீரை மேலிருந்து மழைத்தூறலாகத் தெளித்து, கையை வைக்காமல் விட வேண்டும். கட்டியதை வீசிவிடாதீர்கள். 1 லிட்டர் வெந்நீரில் 20 கிராம் உப்பு கரைத்து ஊற்றி, வெந்நீர்த் தொட்டியில் 60 டிகிரியில் வைத்தால் சில மணி நேரத்தில் பிரியும். மெத்தனால் ஆவி வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள். ஆனால் பிரிந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எண்ணெயில் ஈரம் இருந்ததா, டைட்ரேஷன் தவறா, வினை முடியவில்லையா என்று திரும்பிப் பாருங்கள். கழுவும் முன்பே 3/27 சோதனை செய்திருந்தால் மூன்றாவது சந்தேகம் அப்போதே தீர்ந்திருக்கும்.

கேள்வி: தோட்டத்துப் பழைய டீசல் பம்ப்செட்டில் நேராக ஊற்றலாமா?
– விவசாயி, குலசேகரம்

முதலில் 20 பங்கு பயோடீசல், 80 பங்கு டீசல் என்று கலந்து ஓட்டுங்கள். இது டேங்கில் பல வருடமாகப் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக் கொண்டுவரும், முதல் இரண்டு டேங்கிலேயே ஃபில்டர் அடைக்கும். மாற்று ஃபில்டர் ஒன்று கையில் இருக்கட்டும். இன்னொன்று ரப்பர். பால் வெட்டும் ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம், இயற்கை ரப்பர் ஹோஸ் பயோடீசலில் ஊறி உப்பி, பிசுபிசுத்துக் கிழியும். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் பம்ப் வரை ஃப்ளூரோ ரப்பர் ஹோஸ் போடுங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய டிரம் ஆகியவற்றில் சேமித்தால் சீக்கிரம் கெட்டுப் புளித்த வாடை வரும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த கார், வேன்களில் கம்பெனி அனுமதித்த அளவைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: வள்ளத்தின் மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு இது ஆகுமா?
– மீனவர், குளச்சல்

ஆகாது. அது ஸ்பார்க் பிளக்கில் எரியும் எஞ்சின். மண்ணெண்ணெய் சூட்டில் ஆவியாகிப் பற்றும். பயோடீசலின் தீப்பற்றும் புள்ளியோ 100 டிகிரிக்கு மேல், பிளக்கை நனைத்து நிறுத்திவிடும். டீசல் எஞ்சின் உள்ள விசைப்படகுக்குத்தான் பொருந்தும். அங்கும் கடலுக்குள் நின்றுபோனால் உயிர்ப் பிரச்சினை என்பதால், கரையில் ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்க்காத எரிபொருளைப் படகில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். வடை, பழம்பொரி போட்ட எண்ணெயை என்ன செய்வது? உரிமமெல்லாம் நமக்குச் சரிவராது.
– வாசகர், மார்த்தாண்டம்

அப்படியானால் நீங்களே தயாரிக்க வேண்டாம், எண்ணெயைச் சேர்த்துக் கொடுங்கள். பொரித்த எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் சட்டம். அந்த எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆலைக்கு அனுப்ப ‘ரூகோ’ என்ற திட்டத்தை எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2018 ஆகஸ்ட் 10இல் தொடங்கியது. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு பெற்ற கொள்முதல்காரர் யார் என்று கேளுங்கள். வடிகட்டி, தண்ணீர் படாமல், தகர டின்னில் அல்லாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். பாமாயிலையும் தேங்காய் எண்ணெயையும் தனித்தனிக் கேனில் ஊற்றுங்கள். கேனுக்கு வெளியே தேதி எழுதி ஒட்டுங்கள்.