நாவலாசிரியராகப் போகிறேன் என்கிற மகளின் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் தெரிகின்றன. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், படிப்பை நிறுத்திவிட்டு நாவல் எழுதப் போகிறேன் என்கிறாளே, நாளை பிழைப்புக்கு என்ன செய்வாள் என்பது ஒன்று. ஜெபக் குடும்பத்தில் வளர்ந்த பெண் காதலும் கொலையுமாக எழுதலாமா, சபையில் என்ன நினைப்பார்கள் என்பது மற்றொன்று. இரண்டாவதை முதலில் பேசிவிடுகிறேன். அதற்குப் பதில் சுலபம்.

அவள் எழுத விரும்புவது அமெரிக்கப் பதிப்புலகில் நன்றாக வேரூன்றிய ஒரு வகை. இன்ஸ்பிரேஷனல் ரொமாண்டிக் சஸ்பென்ஸ் என்று அதற்குப் பெயர். ஆபத்தில் சிக்கிய ஒரு பெண், அவளோடு சேர்ந்து அந்த ஆபத்தை எதிர்கொள்ளும் ஓர் ஆண், துரத்தலுக்கு நடுவே வளரும் காதல், இருவருக்குள்ளும் எங்கோ முறிந்துபோன விசுவாசம் மெல்லக் கூடிவருவது, இவைதான் கதை. படுக்கையறைக் காட்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. கொலை நடக்கும், ஆனால் ரத்தத்தை விவரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஹார்லெக்வின் பதிப்பகம் 1997இல் லவ் இன்ஸ்பயர்டு என்ற கிறிஸ்தவக் காதல் நாவல் வரிசையைத் தொடங்கியது. அதன் சஸ்பென்ஸ் வரிசை 2005இல் வந்தது. பெத்தனி ஹவுஸ், ரெவெல், தாமஸ் நெல்சன், டின்டேல் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்கள் இதே வகையில் இன்னும் நீளமான நாவல்களை வெளியிடுகின்றன. தேவாலயத்துக்குப் போகிற பெண்கள்தான் இந்த நாவல்களின் முக்கிய வாசகர்கள். சபையை நினைத்து நீங்கள் தலைகுனிய இதில் ஒன்றுமில்லை.

பிழைப்பு பற்றிய பயம் நியாயமானது. அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆத்தர்ஸ் கில்ட் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள். முழுநேரமும் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் புத்தகங்களிலிருந்து மட்டும் 2022இல் கிடைத்த இடைநிலை வருமானம் 10,000 டாலர். சொற்பொழிவு, வகுப்பு, கட்டுரை எல்லாம் சேர்த்தால் 20,000. அதாவது பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவு. அமெரிக்காவில் இதை வைத்து ஒருவர் தனியாகக் குடும்பம் நடத்த முடியாது.

ராயல்டி, அதாவது விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் எழுத்தாளருக்கு வரும் பங்கு, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். 7 டாலர் விலையுள்ள சிறு பேப்பர்பேக் ஒன்றுக்கு 6 சதவீத ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு 42 சென்ட். 10,000 பிரதிகள் விற்றால் 4,200 டாலர். ஒப்பந்தத்தின்போது கொடுக்கும் முன்பணத்தை இதில்தான் கழித்துக்கொள்வார்கள், அது கழிந்த பிறகே மேற்கொண்டு காசு வரும். பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் கணக்கு அனுப்புவார்கள். எழுத்தாளர் சார்பில் பதிப்பகங்களோடு பேசும் ஏஜென்ட் இருந்தால் அவருக்கு 15 சதவீதம். அமெரிக்காவுக்கு வெளியே வசிக்கும் எழுத்தாளர் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவம் கொடுக்க வேண்டும். வழக்கமான வரிப்பிடித்தம் 30 சதவீதம், வரி ஒப்பந்தம் உள்ள நாடுகளில் வசிப்போருக்குக் குறையலாம். இந்தத் துறையில் நன்றாகச் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அநேகர் ஒரே புத்தகத்தால் அந்த நிலைக்கு வந்தவர்கள் அல்லர், பத்து இருபது என்று எழுதிக் குவித்தவர்கள். பழைய புத்தகங்களும் விற்றுக்கொண்டே இருப்பதுதான் அவர்களுடைய வருமானம்.

அதனால் என் முதல் ஆலோசனை: படிப்பை நிறுத்த வேண்டாம். நாவலையும் நிறுத்த வேண்டாம். எழுத்தா படிப்பா என்று அவளை ஒரு முச்சந்தியில் நிறுத்துவது தேவையே இல்லாத காரியம். இந்தத் தொழிலில் பட்டம் கேட்பவர் யாரும் இல்லை, வேலையில் இருந்துகொண்டு எழுதக் கூடாது என்று தடுப்பவரும் இல்லை. கேட்பது ஒன்றைத்தான்: முடிக்கப்பட்ட கையெழுத்துப் பிரதி. முதல் நாவல் எழுதுகிறவரிடம் பாதி நாவலை நம்பி எந்தப் பதிப்பாசிரியரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அவளிடம் இன்று இருப்பது ஆறு அத்தியாயங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தொழில் பற்றி முடிவெடுக்கும் நேரமே இன்னும் வரவில்லை.

லவ் இன்ஸ்பயர்டு சஸ்பென்ஸ் கேட்கும் நீளம் சுமார் 55,000 சொற்கள். நாளைக்கு 300 சொற்கள், வாரத்தில் ஐந்து நாள் என்றால் 37 வாரங்களில் முதல் வரைவு முடிந்துவிடும். 300 சொற்கள் என்பது அரை மணியிலிருந்து ஒரு மணி நேர வேலை. அதைத் திருத்தி எழுத ஏறக்குறைய அதே அளவு காலத்தை ஒதுக்கலாம். கல்லூரி முடிவதற்குள் ஒரு முழு நாவல் அவள் கையில் இருக்கும். அதை முடிக்காமல் கல்லூரியை விடுகிற பெண், பிறகும் அதை முடிப்பாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? முழு நாளும் கையில் இருந்தால் நிறைய எழுதலாம் என்பது இளம் எழுத்தாளர்கள் அநேகருக்கு இருக்கும் நம்பிக்கை. நான் பார்த்தவரை, குறிப்பிட்ட நேரத்தில் உட்காரும் பழக்கம் உள்ளவர்களே முடிக்கிறார்கள்.

என்ன படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில இலக்கியத்தில் அவளுக்கு உண்மையான ஆசை இருந்தால் படிக்கட்டும். எழுத்தாளராவதற்காக மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சஸ்பென்ஸ் எழுதுகிறவருக்கு நர்சிங், சட்டம், குற்றவியல், பத்திரிகைத் துறை, தணிக்கைக் கணக்கு எல்லாமே கதைக்களம். இந்த வகை வாசகர்கள் கூர்மையானவர்கள். ஒரு கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) காவல் தலைவரான ஷெரிஃப் எதுவரை விசாரிக்கலாம், மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எப்போது உள்ளே வரும் என்பதில் தவறு இருந்தால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். சிறு குழந்தை காணாமல் போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், மாநில எல்லையைத் தாண்டினால்தான் எஃப்பிஐ வரும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் மர்மமான முறையில் காணாமல் போனால் எஃப்பிஐ உடனே விசாரணையில் இறங்கலாம். இப்படி ஒரு விவரம் தெரியாததால் கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும். எழுத்தாளர்களின் கேள்விகளுக்கு உதவ எஃப்பிஐயிலேயே ஒரு பிரிவு உண்டு. அமெரிக்காவின் பல காவல்துறைகள் பொதுமக்களுக்காகச் சிட்டிசன்ஸ் போலீஸ் அகாடமி என்ற வகுப்பை நடத்துகின்றன.

இனிச் சொல்வதை உங்கள் மகளுக்கே படித்துக் காட்டுங்கள்.

மகளே, நீ எழுதுகிற கதை முப்புரி நூல். காதல், ஆபத்து, விசுவாசம் என்று மூன்று இழை. ஒன்றை உருவி எடுத்தால் மற்ற இரண்டும் கழன்றுபோக வேண்டும், அதுதான் சோதனை. ஓர் உதாரணம் சொல்கிறேன். மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் வேலை செய்யும் ஒருத்தி, இறந்துபோன ஒருவரின் கையெழுத்து அவர் இறந்த தேதிக்குப் பிறகான படிவத்தில் இருப்பதைப் பார்க்கிறாள். அன்று மாலையே அவள் காரின் பிரேக் வேலை செய்யவில்லை. விசாரிக்க வரும் துணை ஷெரிஃப், தன் கவனக்குறைவால் தம்பியைப் பறிகொடுத்து, ஜெபிப்பதை நிறுத்திவிட்டவன். இனி நீயே கேட்டுப் பார். இவர்கள் காதலிக்காமலே குற்றவாளியைப் பிடித்துவிட முடியுமா? முடியும் என்றால் உன் காதல் வெறும் அலங்காரம். அவளை நம்பி ஓர் உண்மையைச் சொன்னால்தான் வழக்கு நகரும், சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை என்று வைத்துப் பார். அப்போது இரண்டு இழைகளும் முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாவது இழையில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். கதாநாயகி முழங்காலில் நின்று ஜெபிக்கிறாள், அடுத்த பக்கத்தில் போலீஸ் வந்துவிடுகிறது என்று எழுதாதே. அது விசுவாசமல்ல, கதாசிரியரின் சோம்பல். கடைசி நெருக்கடியில் அவள்தான் ஒரு முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். மன்னிக்க முடியாதவனை மன்னிப்பதா, தப்பித்துப் போகாமல் இன்னொருவருக்காகத் திரும்பி வருவதா, அந்த இடத்தில் அவள் நம்புவது என்ன என்று வாசகருக்குப் புரியட்டும். நீண்ட பிரசங்கம் வேண்டாம். வில்லன் கெட்டவனாக இருப்பதற்கு அவன் சபைக்குப் போகாததைக் காரணமாக்காதே. அவனுக்கென்று ஒரு நியாயம் இருக்க வேண்டும், அது அவனுக்காவது சரியாகப் பட வேண்டும். விசுவாசத்தில் உனக்கே பதில் தெரியாத கேள்வி ஒன்று இருக்கும் அல்லவா? அதைக் கதாநாயகனிடம் கொடு. கேட்டுப் பழகிய பதில்களை மட்டும் வைத்து எழுதிய பக்கத்தைப் பதிப்பாசிரியர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் அத்தியாயத்திலேயே ஆபத்தும் வரட்டும், இருவரும் சந்திக்கவும் செய்யட்டும். 55,000 சொற்களில் சுற்றிவளைக்க இடமில்லை.

பிரதி முடிந்ததும் வேறு கண்கள் அதைப் பார்க்க வேண்டும். தோழிகள் பாராட்டுவார்கள், அது போதாது. 2000இல் தொடங்கிய அமெரிக்கன் கிறிஸ்டியன் ஃபிக்‌ஷன் ரைட்டர்ஸ் என்ற அமைப்பு, இன்னும் புத்தகம் வெளியாகாதவர்களுக்கென்று ஜெனிசிஸ் என்ற போட்டியை நடத்துகிறது. பரிசைவிட நடுவர்கள் எழுதித்தரும் குறிப்புகள் பெரிய லாபம். அவர்களுடைய மாநாட்டில் பதிப்பாசிரியர்களையும் ஏஜென்ட்களையும் நேரில் சந்தித்துக் கதையைச் சொல்ல நேரம் ஒதுக்கித் தருவார்கள்.

பிறகு அனுப்புவது. ஒரு பக்கக் கடிதம், கதைச் சுருக்கம், முதல் சில அத்தியாயங்கள் என்பது வழக்கமான தொகுப்பு. சுருக்கத்தில் குற்றவாளி யார் என்பதை மறைக்கக் கூடாது, பதிப்பாசிரியருக்கு முடிவு தெரிந்தாக வேண்டும். லவ் இன்ஸ்பயர்டு வரிசைகள் ஏஜென்ட் இல்லாமலே நேரடியாக வரும் படைப்புகளைப் பரிசீலிக்கின்றன. மேலே சொன்ன மற்ற பதிப்பகங்களுக்குப் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாகத்தான் போக முடியும். மறுப்புக் கடிதம் வரும், சில நேரம் பதிலே வராது. திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று குறிப்புகளோடு ஒரு பதில் வந்தால், அம்மா, அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு அவளை அழ விடாதீர்கள். வேலைப்பளுவில் இருக்கும் ஒருவர் உட்கார்ந்து அவ்வளவு எழுதினார் என்றால் அந்தப் பிரதியில் அவர் ஏதோ கண்டிருக்கிறார்.

அம்மா, உங்களுடைய உதவி அதிகம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. உங்கள் நாவல் அருமை, வெளியிடுகிறோம், சில ஆயிரம் டாலர் மட்டும் கட்டுங்கள் என்று கடிதம் வரும். கிறிஸ்தவ ஊழியம் என்ற பெயரிலும் வரும். பணம் பதிப்பகத்திடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும், எதிர்த்திசையில் போகக் கூடாது. பிரதியைப் படிக்கவே கட்டணம் கேட்பவர் நல்ல ஏஜென்ட் அல்ல. ரைட்டர் பிவேர் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக இத்தகைய ஏமாற்றுகளை வெளிப்படுத்தி வருகிறது. எந்தப் பெயரைக் கேட்டாலும் முதலில் அங்கே தேடிப் பாருங்கள். உண்மையான ஒப்பந்தம் வந்தாலும் மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். விற்பனை நின்றபின் உரிமை எப்போது அவளிடம் திரும்பும், அடுத்த நாவலை முதலில் யாருக்குக் காட்ட வேண்டும், வேறு இடத்தில் எழுதத் தடை உண்டா என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். ஆத்தர்ஸ் கில்ட் தன் உறுப்பினர்களின் ஒப்பந்தங்களை வழக்கறிஞர்களைக் கொண்டு படித்துத் தருகிறது.

சொந்தமாக வெளியிடலாமே என்று அவள் கேட்பாள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் பெருமளவு மூடப்பட்டுவிட்டன. ஃபேமிலி கிறிஸ்டியன் 2017இல் மூடியது, லைஃப்வே 2019இல் தன் 170 கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. வாசகர்கள் இணையத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியில் 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை வைக்கும் மின்னூலுக்கு 70 சதவீதம் வரை ராயல்டி உண்டு. ஆனால் எடிட்டிங், அட்டை, விளம்பரம் எல்லாம் அவள் செலவு. முதல் பிரதியைப் பதிப்பகங்களுக்கும் போட்டிக்கும் அனுப்பிப் பார்த்துவிட்டு, அந்தக் குறிப்புகளால் எழுத்து மெருகேறிய பிறகு இந்த வழிக்கு வருவதே நல்லது என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உரை இருந்தால் கேடிபியிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 முதல் விதி. பழகும் காலத்தில் அதை வைத்து எழுதவே வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் குரல் உருவாக வேண்டிய வயது இது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். அந்த ஒரு மணி நேரத்தில் அவளை எதற்கும் கூப்பிடாதீர்கள். அவளாகத் தரும்வரை படிக்கக் கேட்காதீர்கள். புத்தகம் எப்போது வரும் என்று உறவினர்கள் கேட்டால் நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் ஆன பிறகும் புத்தகம் கைக்கு வர ஓராண்டு, அதற்கு மேலும் ஆகும் துறை இது.

இந்த வாரம் அவளோடு உட்கார்ந்து ஒரு தேதியைக் குறியுங்கள். அந்தத் தேதிக்குள் முதல் வரைவு முடியும், அதுவரை கல்லூரி தொடரும், படிப்பை நிறுத்துவது பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். வரைவு முடிந்ததும் கதைச் சுருக்கத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எங்கே அனுப்பலாம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.