டொலேடோ: பெயரை நம்பி ஒதுக்கிவிடாதீர்கள்

கேள்வி: ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் மூன்று நாள்கள் தங்க இருக்கிறோம். அதில் ஒரு நாளை டொலேடோவுக்கு ஒதுக்கலாமா? அங்கு பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் தேவாலயங்களாகவே இருக்கின்றனவே?

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். மாட்ரிட்டின் அட்டோச்சா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். போக, வர இரண்டுக்கும் முன்பே பதிவு செய்துவிடுங்கள். திங்கட்கிழமைகளில் அங்குள்ள யூதர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால், அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

பட்டியலில் உள்ள பெயர்களை நம்பி எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். 'ஒளியின் கிறிஸ்து' என்று பெயர் கொண்ட சிறு கட்டடம் 999ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மசூதி. உள்ளே நான்கே தூண்கள். அவற்றின்மேல் ஒன்பது சிறு விதானங்கள். ஒன்றின் வார்ப்பு மற்றொன்றில் இல்லை என்பதால், கழுத்து வலித்தாலும் ஒன்பதையும் அண்ணாந்து பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். அதேபோல் 'வெண்ணிற சாந்தா மரியா' என்பது யூதர்களின் தொழுகைக்கூடமாகக் கட்டப்பட்டுப் பின்னாளில் தேவாலயமாக மாற்றப்பட்டது. வெள்ளை பூசிய தூண்களும் குதிரை லாட வடிவ வளைவுகளும் வரிசை வரிசையாக நிற்கும் அந்தக் கூடத்தில் நின்றால் மசூதிக்குள் இருப்பதாகவே தோன்றும்.

1226இல் தொடங்கி 1493 வரை கட்டப்பட்ட பேராலயத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். பலிபீடத்தின் பின்புறம் வெளிச்சம் விழவேண்டும் என்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் கூரையையே துளைத்திருக்கிறார்கள். இறந்த கார்டினல்களின் சிவப்புத் தொப்பிகள் அவரவர் கல்லறைக்கு மேலே தொங்குகின்றன. அவை தாமாக இற்று விழும்வரை யாரும் அகற்றுவதில்லை என்பது அங்குள்ள மரபு.

சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ தீட்டிய 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' என்ற ஓவியம் இருக்கிறது. ஏறத்தாழ 4.8 மீட்டர் உயரமுள்ள அதன்முன் நிற்கும் கூட்டம் மேலே உள்ள சொர்க்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் கீழே இடப்பக்கம் நிற்கும் சிறுவனைப் பாருங்கள். அவன் ஓவியரின் மகன். அவனுடைய பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் அவன் பிறந்த ஆண்டான 1578ஐயும் தம் கையொப்பத்தையும் கிரேக்க எழுத்துகளில் எழுதிவைத்திருக்கிறார், கிரீட் தீவிலிருந்து வந்த அந்தத் தந்தை.

வாள் கடைகளில் நேரத்தைச் செலவிடாமல், தாகோ ஆற்றின் மறுகரை மேட்டுக்கு மாலையில் போய்விடுங்கள். ஆறு மூன்று பக்கமும் வளைத்த பாறைமேல் ஊர் முழுவதும் அங்கிருந்து தெரியும். தெருக்கள் செங்குத்தானவை, கூழாங்கல் பாவியவை. காலணி விஷயத்தில் அழகு பார்க்காதீர்கள்.

கேள்வி: மூன்று மதத்தாரும் இணக்கமாக வாழ்ந்த ஊர் என்று டொலேடோவைச் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில்: பாதி உண்மை. கிறிஸ்தவ மன்னர் ஆறாம் அல்போன்சோ 1085இல் முஸ்லிம்களிடமிருந்து நகரைக் கைப்பற்றிய பிறகும் அரபு நூல்கள் அழியவில்லை; பண்டைய கிரேக்க அறிஞர் தாலமியின் வானியல் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனா ஜெரார்டு, 1175 வாக்கில் அதை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தது இங்கேதான். ஆனால் இதே ஊரில் 1391இல் யூதர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1492இல் மதம் மாற மறுத்தவர்கள் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

மறுபாதியைத் தெரிந்துகொள்ள, முன்பு சொன்ன யூதர் அருங்காட்சியகமாக இன்று இருக்கும் எல் திரான்சிதோ தொழுகைக்கூடத்துக்குப் போங்கள். மன்னர் பேத்ரோவின் பொருளாளராக இருந்த சாமுவேல் ஹலேவி என்ற யூதர் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது அது. சுவரின் சுதை வேலைப்பாட்டில் எபிரேய எழுத்துகளுக்கு நடுவே கஸ்டீல் அரசின் கோட்டைச் சின்னமும் மன்னரைப் போற்றும் வரிகளும் இருக்கின்றன. கட்டி முடித்துச் சில ஆண்டுகளுக்குள் அதே மன்னர் சாமுவேலைச் சிறையிலடைத்தார். சித்திரவதையில் அவர் இறந்தார். மன்னரைப் போற்றும் வரிகள் இன்னும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன.